யன்னல் கடைசியில்: சென்ட் லோரன்டில் ஒரு வீட்டைக் குளிருக்குத் தயார்ப்படுத்தல்

2023 பெப்ரவரி 3ஆம் திகதி மாலை கியூபெக் மாகாணத்தின் மின்தேவை 42,000 மெகாவாட்டைத் தாண்டியது. மாகாண அரசின் மின்நிறுவனமான ஹைட்ரோ கியூபெக் அதுவரை கண்டிராத உச்சம் அது. தொழிற்சாலைகள் கூடுதலாக ஓடியதால் வந்ததல்ல. மக்கள் வேலையால் வீடு திரும்பி, சுவரோரத்து பேஸ்போர்ட் ஹீட்டர்களைக் கூட்டிவிட்டு, அடுப்பையும் மூட்டிய நேரம். வெளியே இரத்தத்தை உறைய வைக்கும் குளிர். அந்தச் சில மணி நேரத்துக்கு மாகாணம் அண்டை மாநிலங்களிடம் மின்சாரம் வாங்கவும் வேண்டியிருந்தது.

உலகில் மிகச் சில இடங்களில்தான் இவ்வளவு குளிரும் இவ்வளவு மின்சூடாக்கலும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. 1963இல் தனியார் மின்கம்பனிகள் அரசுடைமையாயின. அதன்பின் வடக்கே ஜேம்ஸ் விரிகுடா வரை அணைகள் எழுந்தன. மலிவான நீர்மின்சாரம் கையில் இருந்ததால் எண்ணெய்க் கொதிகலன்கள் போய், ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஹீட்டர், ஒரு தெர்மோஸ்டாட் என்ற ஏற்பாடு வந்தது. பொருத்துவது சுலபம், சத்தம் இல்லை, புகை இல்லை, பில்லும் தாங்கக்கூடியது. மின்சாரம் மலிவாக இருக்கும் ஊரில் வீட்டின் ஓட்டைகளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சென்ட் லோரன்டின் பெரும்பாலான வீடுகள் இப்படிக் கவலையற்ற காலத்தில் எழுந்தவை.

1720இல் ஒரு கத்தோலிக்கப் பங்காகத் தொடங்கிய இந்த ஊர், 2002இல் மொன்றியல் நகரத்தோடு இணைந்து அதன் ஒரு பகுதியானது. இன்று ஒரு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். தமிழ் வீடுகளும் கணிசமாக உண்டு. வயல்வெளியாகக் கிடந்த நிலத்தை வீடுகளாக்கியது இரண்டாம் உலகப்போரும் விமானத் தொழிலும்தான். கார்ட்டியவில் விமானத்தளத்தை ஒட்டிய தொழிற்சாலைகளுக்கு ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வந்தார்கள், அவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. போருக்குப் பின் டெக்காரி வீதியும் கோட் வெர்த்துவும் சந்திக்கும் நோர்கேட் பகுதியில் செங்கல் அடுக்குமாடிகள் வந்தன. 1950களிலும் 60களிலும் பங்களாக்களும் டூப்ளெக்ஸ்களும் தெருத்தெருவாக முளைத்தன. அந்த விமானத்தளம் மூடப்பட்ட பின் அதே நிலத்தில் 1990களில் பிறந்ததுதான் புவா ஃபிரான் குடியிருப்பு. ஆக, ஒரே ஊரில் நாலைந்து காலகட்டங்களின் சுவர்கள் இருக்கின்றன. பொதுவான ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

செங்கல்லைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். யாழ்ப்பாணத்தில் கல்வீடு என்றால் அது முழுவதும் கல்வீடுதான். இங்கே போருக்குப் பிந்திய வீட்டில் வெளியே தெரியும் செங்கல் பெரும்பாலும் ஒரு தோல். மழையைத் தடுக்கும், குளிரைத் தடுப்பதில் அதன் பங்கு மிகக் குறைவு. அதன் பின்னால் ஒரு காற்றிடைவெளி, பிறகு மரச்சட்டம், சட்டங்களுக்கிடையே அந்தக் காலத்தில் திணித்த மெல்லிய கண்ணாடி நார், சில வீடுகளில் அதுவும் இல்லை. வீட்டைப் பார்க்க வருபவர்கள் செங்கல்லைத் தட்டிப் பார்த்து "நல்ல பலமான வீடு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பலம் சரிதான், சூடு வேறு விஷயம்.

வீடு வாங்கிய குடும்பம் முதலில் எதை மாற்றுகிறது? யன்னலை. கண்ணுக்குத் தெரிவது அது. கையை வைத்தால் குளிர்வதும் அதுதான். விற்கும் கம்பனிகளும் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. அடுத்தது ஹீட் பம்ப், அதற்கு அரசு பணம் கொடுக்கிறது என்பதால். பரணும் பேஸ்மென்டும் கடைசியாக நினைவுக்கு வருகின்றன. சுவரும் கூரையும் சேரும் இடத்துச் சந்துகள் நினைவுக்கே வருவதில்லை. என் கணிப்பில் இந்த வரிசை ஏறத்தாழ தலைகீழானது.

ஏன் என்பதை விளங்க சஸ்காச்சுவான் மாகாணத்துக்குப் போக வேண்டும். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அங்குள்ள ஆய்வாளர் குழுவொன்றிடம் சூரிய சக்தியில் இயங்கும் வீடு ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு வந்தது. அந்தக் குழுவில் இருந்த பொறியியலாளர் ஹரோல்ட் ஓரும் கூட்டாளிகளும் வேறொரு முடிவுக்கு வந்தார்கள். வெயில் மிகக் குறைவாகக் கிடைக்கும் மாதத்தில்தான் சூடு அதிகம் தேவை. ஆகவே சூட்டைச் சேகரிப்பதைவிட, இருப்பதை வெளியே விடாமல் காப்பது மலிவு. 1977இல் ரெஜைனா நகரில் கட்டி முடிந்த அந்த வீட்டில் தடித்த இரட்டைச் சுவர்கள், காற்றுப் புகாத உறை, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் கருவி எல்லாம் இருந்தன. பிற்காலத்தில் ஜெர்மனியில் பாசிவ்ஹவுஸ் இயக்கம் தன் முன்னோடிகளில் ஒன்றாக இதைக் கொண்டாடியது.

புதிய வீட்டில் இதைச் செய்வது எளிது. பழைய வீட்டில்? 1982இல் ஹரோல்ட் ஓரின் குழுவினர் சஸ்கட்டூனில் ஒரு வீட்டின் கூரை விளிம்புகளைச் சங்கிலி வாளால் அறுத்துத் தள்ளிவிட்டு, சுவரையும் கூரையையும் ஒரே பிளாஸ்டிக் உறையால் சுற்றி, அதன் மேல் புதிதாகக் காப்புப் படை போட்டார்கள். வேலைக்கு முன், 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் அந்த வீட்டின் காற்று மணிக்கு 2.95 தடவை முழுதாக மாறிக்கொண்டிருந்தது. வேலைக்குப் பின் 0.29 தடவை. பத்தில் ஒரு பங்கு. சென்ட் லோரன்டில் யாரும் வீட்டின் விளிம்பை வாளால் அறுக்கப் போவதில்லை, அயலவர் பொலிஸைக் கூப்பிடுவார். ஆனால் அந்தப் பரிசோதனை சொன்ன செய்தி இங்கேயும் செல்லும்: காற்றுக் கசிவை அடைக்காமல் வேறு எதைச் செய்தாலும் பாதி வேலைதான். கம்பளிச் சட்டை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், மேலே காற்றுத் தடுக்கும் சட்டை இல்லாவிட்டால் ஜனவரிக் காற்றில் நிற்க முடியாது.

மேலே சொன்ன 50 பாஸ்கல் அளவீடுதான் இன்று கியூபெக்கில் வீடு மதிப்பிட வருபவரும் செய்வது. வாசற்கதவில் ஒரு துணிச் சட்டத்தை இறுக்கி, அதில் பெரிய விசிறியொன்றைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுப்பார். வீடு எங்கெல்லாம் ஓட்டையோ அங்கெல்லாம் வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே வரும். அப்போது வீட்டைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். மின்சார சொக்கட்டுகளின் பின்னால், பரணுக்கு ஏறும் மூடியின் விளிம்பில், கூரையில் பதித்த மின்விளக்குகளைச் சுற்றி, குளியலறைக் குழாய் சுவருக்குள் போகும் துளையில், எல்லாவற்றுக்கும் மேலாக அத்திவாரச் சுவரின் தலையில் மரத்தளம் உட்காரும் அந்த நீண்ட விளிம்பில் காற்று கையில் படும். யன்னல் கண்ணாடியில் படாது.

கணக்கையும் பார்த்துவிடலாம். 1950களின் பங்களா ஒன்றை எடுத்துக்கொள்வோம்: தரைப்பரப்பு 100 சதுர மீட்டர், பேஸ்மென்டோடு சேர்த்து உள்கொள்ளளவு ஏறத்தாழ 500 கன மீட்டர். 18 பாகையை அடிப்படையாக வைத்தால் மொன்றியலின் ஆண்டுச் சூடாக்கல் தேவை சுமார் 4,400 பாகை நாட்கள். மின்கட்டணத்தில் நாளொன்றுக்கு முதல் 40 அலகுக்கு (கிலோவாட் மணி) அலகொன்று ஏறத்தாழ 7 சதம், அதற்கு மேல் போவதற்கு 10 சதத்துக்குச் சற்று அதிகம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மின்சாரத்தில் சூடாகும் தனிவீடு குளிர்காலத்தில் நாளுக்கு 40 அலகை இலகுவாகத் தாண்டிவிடும். ஆகவே நாம் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு அலகும் மேல்தட்டு விலையில்தான் மிச்சமாகிறது. பில்லின் சராசரியை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் சேமிப்பைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

முதலில் யன்னல். 15 சதுர மீட்டர் பழைய இரட்டைக் கண்ணாடியை நல்ல புதியதாக மாற்றினால் ஆண்டுக்கு 1,900 அலகு அளவில் மிச்சமாகும், அதாவது 200 டொலர். செலவு எளிதாக 15,000 டொலரைத் தாண்டும். முதலைத் திரும்ப எடுக்க 75 ஆண்டு. யன்னல் அவ்வளவு காலம் உழைக்காது. அடுத்தது பரண். 10 சென்டிமீட்டர் பழைய நார் மட்டும் கிடக்கும் பரணில் 35 சென்டிமீட்டருக்குக் குறையாமல் செல்லுலோஸ் ஊதி நிரப்பினால் (பழைய செய்தித்தாள்களைப் பஞ்சாக்கிச் செய்யும் பொருள் அது, தமிழ்ப் பத்திரிகைகளும் எந்தப் பரணிலாவது கிடக்கும்) 3,800 அலகு, கிட்டத்தட்ட 400 டொலர். செலவு சில ஆயிரம். காற்றுக் கசிவை அந்த 50 பாஸ்கல் அளவீட்டில் மணிக்கு 7 தடவையிலிருந்து 4ஆகக் குறைத்தால் 2,600 அலகுக்கு மேல், 270 டொலருக்குக் குறையாது. அதற்கான பொருட்கள் சீலன்ட் குழாய்கள், நுரை, கதவு விளிம்பு ரப்பர். இவை என் தோராயக் கணக்குகள், வீட்டுக்கு வீடு மாறும். யன்னலுக்கும் பரணுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டும் பெரிதாக மாறாது.

உக்கிப்போன சட்டமோ, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மூட்டம் படிந்ததோ, திறக்க மறுப்பதோ என்றால் யன்னலை மாற்றத்தான் வேண்டும். அதை வீடு பராமரிப்பாகச் செய்யுங்கள், மின்சாரச் சேமிப்பு என்ற பெயரில் கடன் வாங்கிச் செய்யாதீர்கள்.

பேஸ்மென்ட் கொஞ்சம் சிக்கலானது. காப்பில்லாத கொங்கிறீட் சுவர் நிலத்துக்கு மேல் தெரியும் பகுதியால் சூட்டைத் தாராளமாகக் கொட்டுகிறது. ஆனால் அந்தச் சுவர் ஈரத்தையும் இழுக்கும். கொங்கிறீட்டோடு நேரே கண்ணாடி நாரை ஒட்டி ஜிப்சம் பலகையால் மூடிவிட்டால், உள்ளறையின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரைத் தொட்டு நீராகி, சில ஆண்டுகளில் பலகைக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். பேஸ்மென்டில் பிள்ளைகளுக்கு அறை கட்டிய வீடுகள் பலவற்றில் வரும் அந்தப் புழுங்கிய மணத்துக்கு இதுவே காரணம். முதலில் வெளி நீர்வடிகால், பிறகு கொங்கிறீட்டோடு ஒட்டும் நுரைக் காப்பு, அதன் பிறகே சட்டமும் பலகையும். பழைய சென்ட் லோரன்டில் இன்னும் நிற்கும் முழுச் செங்கல் வீடுகளில் இதைவிடக் கவனம் வேண்டும். உள்ளே காப்புப் போட்டால் செங்கல் முன்னைவிடக் குளிர்ந்து, உறைந்து உருகி வெடிக்கலாம். அதில் செருகிய தள மரங்களின் நுனி உக்கலாம்.

பில்லை நேரடியாகக் குறைப்பதில் ஹீட் பம்ப்புக்கு ஈடு வேறில்லை. சூடாக்கலுக்கு ஆண்டுக்கு 15,000 அலகு எடுக்கும் வீட்டில் அதில் ஆறு ஏழாயிரத்தை அது குறைக்கலாம், கோடையில் குளிரூட்டவும் செய்யும். கோடைக் குளிர் இங்கே ஆடம்பரமல்ல. 2018 ஜூலை வெப்ப அலையில் மொன்றியலில் மட்டும் 66 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் வயதானவர்கள். தொழிற்பேட்டைகளும் வாகனத் தரிப்பிடங்களும் நிறைந்த சென்ட் லோரன்டில் வெயில் தங்கும் தார்ப்பரப்புக்குக் குறைவில்லை.

அப்படியானால் அதையே முதலில் போடலாமே? வெளியே 5 பாகை இருக்கும்போது ஒரு அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு சூடு தரும் இந்த இயந்திரம், குளிர் இறங்க இறங்கக் களைத்துவிடும். குளிர்நாட்டுக்கென்றே செய்த மாதிரிகளும் -25இல் பழைய ஹீட்டரைவிடச் சிறிதளவே மேல். 2023 பெப்ரவரி மாலை போன்ற நேரத்தில், அதாவது மாகாணத்துக்கு மின்சாரம் மிகவும் தேவைப்படும் நேரத்தில், ஒழுகும் வீட்டில் பேஸ்போர்ட் ஹீட்டர்கள் மறுபடி மூச்சுவாங்கத் தொடங்கும். அடைத்து, காப்புப் போட்ட வீட்டுக்குச் சிறிய ஹீட் பம்ப் போதும். ஒழுகும் வீட்டுக்கு முதலில் பெரியதை வாங்கிவிட்டுப் பின்னர் வீட்டைத் திருத்தினால், பெரிதாகப் போன இயந்திரம் நின்று நின்று ஓடித் தேயும்.

மின்தடையும் இருக்கிறது. 1998 ஜனவரியின் உறைமழைப் புயலை அன்று மொன்றியலில் இருந்தவர்கள் மறக்கவில்லை. 2023 ஏப்ரல் 5இல் மீண்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. எந்த ஹீட் பம்ப்பும் அப்போது உதவாது. நன்றாக அடைத்த வீடு மட்டும் மெதுவாகக் குளிரும்.

இனி எங்கள் குசினி. வீட்டை இறுக்கி அடைப்பது பற்றிய கையேடுகளை எழுதுபவர்கள் புட்டு அவிப்பவர்கள் அல்ல. காலையில் இடியப்பம், பகலுக்குச் சோறு, மாலையில் ரசம். நாலைந்து பேர் குளிப்பது, பேஸ்மென்டில் ஈரத்துணி காய்வது. இவ்வளவு நீராவியும் எங்கே போகும்? 21 பாகை சூடும் 40 வீத ஈரப்பதனும் உள்ள அறையில் ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் துளிர்க்கும். வெளியே -20 என்றால் சாதாரண இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு அதற்கும் கீழே போய்விடும். ஒழுகும் வீட்டில் இந்த ஈரம் சந்துகளால் தப்பிப் போய்ப் பரணில் உறைந்தது. சந்துகளை அடைத்த பிறகு அது உள்ளேயே நிற்கும். அதனால்தான் வீட்டை அடைப்பவர் அதே வேலையின் பகுதியாகச் சூடு மீட்கும் எயார் எக்ஸ்சேஞ்சரையும் பொருத்த வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பூஞ்சணத்துக்கு வரவேற்பு.

மிளகாய் தாளிக்கும் நெடி வேறு கதை. பல பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூடு காற்றை வெளியே அனுப்புவதே இல்லை. வடிகட்டி மறுபடி முகத்தில் ஊதுகிறது. ஜனவரியிலும் குசினி யன்னலைத் திறந்து வைத்துச் சமைப்பதன் காரணம் அது. வெளியேற்றும் புகைக்கூடு வேண்டும். ஆனால் வலுவான ஒன்று மணிக்கு 500 கன மீட்டரை, அதாவது நாம் கணக்கிட்ட பங்களாவின் முழுக் காற்றையும் இழுத்து எறியும். அந்த இடத்தை நிரப்பும் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். விறகு அடுப்போ எரிவாயுக் கொதிகலனோ உள்ள வீட்டில் அது புகைபோக்கி வழியாகத் திரும்பி வந்தால் உயிராபத்து. வீட்டை அடைத்த பிறகு, நிலத்தடியிலிருந்து வரும் ரேடான் வாயுவையும் குளிர்காலத்தில் மூன்று மாதமாவது அளந்து பார்ப்பது நல்லது. கனடாவின் சுகாதாரத் துறை கன மீட்டருக்கு 200 பெக்கரல் என்ற எல்லையை வைத்திருக்கிறது.

அவசரப்பட்டுத் திருத்தியதன் கசப்பான பாடமும் இங்கே உண்டு. 1977இல் மத்திய அரசு வீட்டுக் காப்புக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. சுவரைத் துளைத்து யூரியா போர்மல்டிஹைட் நுரையை உள்ளே செலுத்துவது வேகமாகவும் மலிவாகவும் இருந்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு இலட்சம் வீடுகளில் அது ஏறியபின், உடல்நலப் புகார்கள் குவிய, 1980 டிசம்பரில் அரசே தடை செய்தது. கியூபெக்கில் வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நீடித்து, 1991இல் மொன்றியலில் நீதிபதி ரெனே உர்த்துபீஸ் அதைத் தள்ளுபடி செய்தார். நோய்க்கு நுரைதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்பது தீர்ப்பு. இதற்கிடையே அந்த வீடுகளின் விலையும் விழுந்திருந்தது. 1990க்கு முன் கட்டிய வீட்டின் பரணில் சாம்பல் பழுப்பு நிறக் கூழாங்கல் போன்ற வெர்மிக்யுலைட் கிடந்தால் தொடக்கூடாது. அமெரிக்காவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த சரக்கில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. முதலில் அதற்கான ஆளைக் கொண்டு மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

அண்மைய உதவித் திட்டங்கள் அதைவிடக் கவனமானவை, ஆனால் அடிக்கடி உருமாறுபவை. மாகாணத்தின் ரெனோக்ளிமா திட்டம் வேலைக்கு முன்னும் பின்னும் வீட்டை அளந்து பார்த்துப் பணம் கொடுத்தது. முதல் அளவீட்டுக்கு முன் வேலையைத் தொடங்கியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நம்மவர் பலர் இடறி விழுந்தது இங்கேதான். மத்திய அரசு 2021 மேயில் தொடங்கிய 5,000 டொலர் வரையான பசுமை வீட்டு மானியம், பணம் எதிர்பார்த்ததைவிட முந்தித் தீர்ந்ததால் 2024இல் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. ஹைட்ரோ கியூபெக்கின் லோஜிவேர் திட்டத்தில் ஹீட் பம்ப்புக்குக் கிடைக்கும் தொகை பெரிது. இயந்திரத்தை எண்ணுவது எளிது, அடைத்த சந்தை எண்ணுவது கடினம் என்பதால் பணம் இயந்திரத்தின் பக்கம் சாய்கிறது என்று எனக்குப் படுகிறது.

இவ்வளவு மலிவான மின்சாரத்துக்கு இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வீட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 3 வீதத்துக்கு மேல் ஏறாதபடி அரசு பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த மலிவின் ஒரு தூண் லாப்ரடோரின் சர்ச்சில் அருவியிலிருந்து அலகுக்கு 0.2 சதத்துக்கு வந்த மின்சாரம். 2024 டிசம்பரில் இரு மாகாணங்களும் கையெழுத்திட்ட கொள்கை உடன்பாடு அந்த விலையைச் சராசரியாக 5.9 சதத்துக்குக் கொண்டு போக முன்மொழிந்தது. 2035 வரையான விரிவாக்கத்துக்கு ஹைட்ரோ கியூபெக் 155 முதல் 185 பில்லியன் டொலர் வரை செலவிட 2023இல் திட்டமிட்டது. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பது இரகசியமல்ல.

மேலே சொன்னதெல்லாம் சொந்த வீட்டுக்காரருக்கு. மொன்றியலில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. அங்கே காப்புப் போடும் செலவு வீட்டுச் சொந்தக்காரருடையது, பில் குடியிருப்பவருடையது. இருவரில் எவருக்கும் அவசரமில்லை. வீட்டை 21 பாகைக்குச் சூடாக்க முடிய வேண்டும் என்று நகர விதி சொல்கிறது, எவ்வளவு மின்சாரம் செலவழித்து என்று சொல்லவில்லை. பெரிய கட்டடங்கள் தம் சக்தி நுகர்வை நகரத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2021இல் ஒரு சட்டம் வந்தது. படிப்படியாக அது 25 வீடுகள் கொண்ட கட்டடம் வரை இறங்கி நின்றுவிட்டது. சென்ட் லோரன்டின் லிப்ட் இல்லாத சிறிய மாடிக் கட்டடங்கள் அதற்குள் அகப்படாது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு, வாடகைக்கு இருந்தாலும், எக்கோனோலோஜி என்ற இலவசத் திட்டம் உண்டு. குளிர்காலத்தில் ஆள் வந்து கதவு யன்னல் விளிம்புகளை அடைத்துக் கொடுப்பார், தகுதி பார்த்துத் தெர்மோஸ்டாட்டையும் மாற்றுவார்.

ஜூலை முதலாம் திகதி வீடு மாற நினைப்பவர்கள் வசந்தத்தில் பார்க்கப் போகிறார்கள், அப்போது எல்லா வீடும் இதமாகத்தான் இருக்கும். கடைசிப் பனி கிடக்கும்போதே ஒருமுறை தெருவில் நின்று பாருங்கள். சரிவுக் கூரையில் பனி திட்டுத்திட்டாக உருகி, விளிம்பில் ஈட்டி ஈட்டியாகப் பனிக்கட்டி தொங்கினால் உள்ளே போட்ட சூடு பரணால் போகிறது. தட்டைக் கூரைக் கட்டடத்தில் அது தெரியாது. அதற்கு ஹைட்ரோ கியூபெக்கின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால், பல வீடுகளுக்கு ஓராண்டு மின்செலவு எவ்வளவு என்று காட்டும். வாடகையோடு அந்தத் தொகையைப் பன்னிரண்டால் பிரித்துக் கூட்டிப் பார்த்த பிறகு கையெழுத்து வைக்கலாம்.